பச்சை நட்சத்திரம் யாருடையது?

துணியில் எழுதிய வரலாறு – 17

1905 ஆகஸ்ட் மாதம். பிரான்ஸின் வடகரையில் இருக்கும் பூலோன்-சுர்-மேர் என்ற துறைமுக ஊரில் இருபது நாடுகளைச் சேர்ந்த 688 பேர் வந்து கூடினார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் எல்லோருக்கும் ஒரே மொழியில் கடிதம் எழுதிப் பழக்கம். அந்த மொழிக்கு அப்போது வயது பதினெட்டு. காகிதத்தில் நன்றாக ஓடும் மொழி, வாயில் ஓடுமா? ஆங்கிலேயர் உச்சரிப்பது ரஷ்யர் காதில் ஏறுமா? இத்தனை நாட்டார் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பேசிப் பார்த்தது அதுவே முதல்முறை. பேசினார்கள், புரிந்தது. நாடகம் போட்டார்கள், அதுவும் புரிந்தது.

எஸ்பெராண்டோவின் முதல் உலக மாநாடு அது. அங்கிருந்து கிளம்பும்போது அந்தக் கூட்டத்துக்கு ஒரு கொடியும் இருந்தது.

பச்சைப் புலம். கொடிமரத்தை ஒட்டிய மேல் மூலையில் ஒரு வெள்ளைச் சதுரம். சதுரத்துக்குள் ஐந்து முனைப் பச்சை நட்சத்திரம். அவ்வளவுதான். வெள்ளை அமைதிக்கு, பச்சை நம்பிக்கைக்கு, ஐந்து முனைகள் ஐந்து கண்டங்களுக்கு என்பது இன்று வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம்.

இந்தத் தொடரில் இதுவரை பார்த்த கொடிகளுக்கெல்லாம் கீழே ஒரு மண் இருந்தது. மன்னர் தந்த கொடி, நாடாளுமன்றம் தீர்மானித்த கொடி, படை தூக்கிப் போன கொடி என்று பார்த்து வந்தோம். இந்தக் கொடிக்கு மண் இல்லை, படை இல்லை, வரி வசூலிக்கும் அரசும் இல்லை. இதை வரைந்தது அந்த மொழியைப் படைத்தவரும் இல்லை. பூலோன் ஊரின் எஸ்பெராண்டோ மன்றம் தன் சொந்த உபயோகத்துக்காகச் செய்து வைத்திருந்த கொடி இது. வழக்கறிஞர் அல்ஃபிரெட் மிஷோ தலைமையில் அந்த மன்றம்தான் மாநாட்டையும் நடத்தியது. வந்தவர்களுக்குக் கொடி பிடித்துப் போயிற்று. மாநாடு அதை உலக எஸ்பெராண்டோ இயக்கத்தின் கொடியாக ஏற்றுக்கொண்டது. ஒரு சிற்றூர் மன்றத்தின் துணி உலகம் முழுமைக்குமான சின்னமாக மாறியது இப்படித்தான்.

இது எப்படிச் சாத்தியமாயிற்று என்று புரிந்துகொள்ள இன்னும் பதினெட்டு ஆண்டு பின்னால் போக வேண்டும்.

லுட்விக் லாசர் ஸாமென்ஹோஃப் 1859-இல் பியாலிஸ்டோக்கில் பிறந்தார். இன்று போலந்தில் இருக்கும் அந்த ஊர் அன்று ரஷ்யப் பேரரசுக்குள் இருந்தது. யூதர், போலியர், ரஷ்யர், ஜெர்மானியர் என்று நான்கு சமூகத்தார் நான்கு மொழி பேசிக்கொண்டு ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்த்த ஊர். ஸாமென்ஹோஃப் யூதர். தெருவில் நடந்த சண்டைகளுக்கெல்லாம் மொழிதான் வேர் என்று சிறு வயதிலேயே நினைக்கத் தொடங்கியவர். கண் மருத்துவம் படித்தார். 1887 ஜூலையில் வார்சாவில் ரஷ்ய மொழியில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். பெயர் போட்டுக்கொள்ளாமல் ‘டாக்டர் எஸ்பெராண்டோ’ என்று மட்டும் போட்டார். அந்த மொழியில் ‘எஸ்பேரி’ என்றால் நம்பிக்கை வைத்தல், ‘எஸ்பெராண்டோ’ என்றால் நம்பிக்கையோடு இருப்பவர். புனைபெயரே பிறகு மொழிக்குப் பெயராகிவிட்டது.

அந்த நூலில் அவர் செய்த ஒரு காரியம் கொடியின் கதைக்கு மிக முக்கியம். இந்த மொழி மற்ற மொழிகளைப் போலவே பொதுச்சொத்து, இதன்மேல் எனக்கு எந்தச் சொந்த உரிமையும் இல்லை என்று அதிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்.

அது சாதாரண முடிவு இல்லை. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன் யோஹான் மார்ட்டின் ஷ்லேயர் என்ற ஜெர்மன் கத்தோலிக்கப் பாதிரியார் ‘வோலாப்யுக்’ என்ற மொழியைக் கொண்டுவந்தார். அது காட்டுத்தீ போலப் பரவியது. மூன்று மாநாடுகள் நடந்தன. மொழியைத் திருத்த வேண்டும் என்று கற்றவர்கள் கேட்டபோது, கடைசி வார்த்தை என்னுடையதாகத்தான் இருக்கும் என்று ஷ்லேயர் நின்றார். 1889 பாரிஸ் மாநாட்டுக்குப் பிறகு அந்த இயக்கம் சிதறிப் போனது. ஸாமென்ஹோஃபோ, 1894-இல் மொழியைத் திருத்தலாமா என்ற கேள்வி எழுந்ததும், தன் பத்திரிகையின் சந்தாதாரர்களிடமே வாக்குக்கு விட்டார். வேண்டாம் என்றார்கள். விட்டுவிட்டார். படைத்தவர் கையை எடுத்துவிட்ட மொழிக்கு, யாரோ ஒரு ஊர்க்காரர்கள் கொடி தைத்துக் கொடுக்க முடிந்ததில் வியப்பில்லை.

சரி, பச்சை எங்கிருந்து வந்தது?

1911-இல் வெளியான ஒரு கடிதத்தில் ஸாமென்ஹோஃபே இதற்குப் பதில் சொல்கிறார். பதில் என்பதைவிட, மறந்துபோனதை நினைவுகூரும் முயற்சி என்று சொல்லலாம். அவருக்கே சரியாக ஞாபகம் இல்லை. தற்செயலாகப் பச்சை அட்டை போட்டு வந்த தன் சிறு வெளியீடு ஒன்றைப் பார்த்த கேகன் என்பவர், இது எங்கள் அயர்லாந்தின் நிறம் என்று குறிப்பிட்டாராம். அதன் பிறகுதான், இந்த நிறத்தை நம்பிக்கையின் அடையாளமாக வைத்துக்கொள்ளலாமே என்று அவருக்குத் தோன்றியதாம். தொடர்ந்து தன் நூல்களுக்கெல்லாம் பச்சை அட்டை போடத் தொடங்கினார்.

ரிச்சர்ட் கேகன் அயர்லாந்து வம்சாவளியினர், இங்கிலாந்தில் பிறந்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் சீன மொழி படித்தவர். எஸ்பெராண்டோவின் முதல் நூலுக்கு வேறொருவர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு படுமோசமாக இருப்பதை ஸாமென்ஹோஃபுக்குச் சுட்டிக்காட்டியவரும் இவரே. அந்தப் பதிப்பு ஒதுக்கப்பட்டு, 1889-இல் கேகனின் மொழிபெயர்ப்பு வந்தது. பிற்காலத்தில் அவர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, அலாஸ்காவில் நீதிமன்றச் சுருக்கெழுத்தராக வேலை பார்த்தார். அங்கே அலியூட் மக்களின் மொழியைக் கற்று அதற்கு இலக்கணம் எழுதினார். ஒரு கொடியின் நிறத்துக்குக் காரணமானவர் என்பது அவர் வாழ்க்கையில் ஒரு வரிச் செய்தி மட்டுமே. ஆனால் அந்த ஒரு வரி இல்லாவிட்டால் இந்தக் கொடி வேறு நிறத்தில் இருந்திருக்கும்.

நட்சத்திரத்தின் கதை இன்னும் சுவையானது. அதே கடிதத்தில் ஸாமென்ஹோஃப் சொல்வது: ஐந்து முனை நட்சத்திரத்தை முதலில் தன் இலக்கண நூலில் அச்சிட்டவர் போஃப்ரான் என்று நினைக்கிறேன், எனக்கும் பிடித்திருந்தது, எடுத்துக்கொண்டேன், பச்சையும் நட்சத்திரமும் பிறகு தாமாகவே ஒன்று சேர்ந்துகொண்டன. ஐந்து கண்டங்கள் என்ற விளக்கம் அந்தக் கடிதத்தின் கதையில் எங்கும் தலைகாட்டவில்லை. அட்டையின் நிறம் தற்செயல். நட்சத்திரம் ஓர் அச்சு அலங்காரம். பொருளெல்லாம் பின்னால் வந்து ஏறிக்கொண்டது.

லூயி தெ போஃப்ரான் என்ற பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிரான்ஸில் எஸ்பெராண்டோவை வேரூன்றச் செய்தவர்களில் முதன்மையானவர் அவர். 1907 அக்டோபரில் பாரிஸில் ஓர் அறிஞர் குழு கூடியது. உலகத் துணைமொழியாக எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று ஆராய்வது அதன் வேலை. டேனிஷ் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பெர்சன், வேதியியலாளர் வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்ட் போன்ற பெரியவர்கள் அதில் இருந்தார்கள். அங்கே எஸ்பெராண்டோவின் சார்பாகப் பேசப் போனவர் போஃப்ரான். அந்தக் குழுவின் முன் ‘ஐடோ’ என்ற புனைபெயரில் ஒரு திருத்தத் திட்டம் வந்து விழுந்தது. எஸ்பெராண்டோவில் ‘ஐடோ’ என்றால் வாரிசு, சந்ததி. எஸ்பெராண்டோவின் எழுத்துகளையும் இலக்கணத்தையும் பல இடங்களில் மாற்றிய திட்டம். அடுத்த ஆண்டு, அதை எழுதியது நான்தான் என்று போஃப்ரான் அறிவித்தார். எஸ்பெராண்டோவின் முன்னணித் தலைவர்கள் பலர் அவரோடு ஐடோவுக்குப் போய்விட்டார்கள்.

ஐடோகாரர்கள் பச்சையை விட்டுவிட்டு நீலத்தை எடுத்துக்கொண்டார்கள். நட்சத்திரத்தை மட்டும் விடவில்லை, வடிவத்தை மாற்றிக்கொண்டார்கள். பிரிந்தவர்கள் கையில் எடுத்துப் போன நட்சத்திரமும், இருந்தவர்கள் கையில் தங்கிய நட்சத்திரமும் ஒரே மனிதரின் இலக்கண நூலிலிருந்து வந்தவை என்பது கொடி வரலாற்றில் அபூர்வமான சங்கதி.

கொடி என்ற அளவில் இது நல்ல கொடிதானா?

வட அமெரிக்கக் கொடியியல் சங்கம் ‘நல்ல கொடி, கெட்ட கொடி’ என்றொரு சிறு நூல் வெளியிட்டிருக்கிறது. டெட் கே தொகுத்தது. கொடி வரைய நினைப்பவர்கள் எல்லோரும் முதலில் படிப்பது இதைத்தான். ஐந்து விதிகள். ஒரு குழந்தை ஞாபகத்திலிருந்து வரையும்படி எளிமையாக இருக்க வேண்டும். உருவத்துக்குப் பொருள் வேண்டும். இரண்டு மூன்று நிறங்களுக்கு மேல் கூடாது. எழுத்தும் முத்திரையும் கூடாது. தனித்துத் தெரிய வேண்டும், அல்லது உறவைக் காட்ட வேண்டும். இந்த விதிகள் எழுதப்படுவதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பூலோன் மன்றத்தார் ஐந்தையும் நிறைவேற்றிவிட்டார்கள்.

ஒரு பள்ளி மாணவரிடம் அளவுகோலையும் காம்பஸையும் கொடுத்தால் இந்தக் கொடியைப் பிழையில்லாமல் வரைந்துவிடுவார். நீளம் மூன்று பங்கு, உயரம் இரண்டு பங்கு, சதுரத்தின் பக்கம் ஒரு பங்கு. சதுரத்தின் நடுவில் வட்டம் போட்டு, 72 பாகைக்கு ஒரு புள்ளி வைத்து, ஒன்றுவிட்டு ஒன்றை இணைத்தால் நட்சத்திரம். ஒரே ஒரு வண்ணப் பென்சில் போதும். காசில்லாத இயக்கத்துக்கு இது சின்ன வசதி இல்லை. பச்சைத் துணி ஒரு துண்டு, வெள்ளைத் துணி ஒரு துண்டு, வீட்டில் ஒரு தையல் மெஷின் இருந்தால் மாநாட்டுக்குக் கொடி தயார்.

நட்சத்திரத்தின்மேல் ‘எஸ்பெராண்டோ’வின் முதல் எழுத்தைப் பொறித்த கொடிகளும் ஆங்காங்கே இருந்தன. எழுத்து இல்லாத கொடிதான் நிலைத்தது. அது நல்லதுக்குத்தான். ஒரு லிபியின் எழுத்தை உலகத்தார் அனைவருக்குமான கொடியில் வைத்தால், மற்ற லிபிக்காரர்கள் அதில் விருந்தாளிகளாகிவிடுவார்கள். கிறிஸ்தவ எஸ்பெராண்டோகாரர்கள் பச்சை நட்சத்திரத்தின்மேல் வெள்ளைச் சிலுவை வைத்துக்கொண்டார்கள். இடதுசாரிகள் பச்சைப் புலத்தைச் சிவப்பாக்கிக்கொண்டார்கள். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. தடுக்கும் அதிகாரம் யாருக்கும் இருக்கவும் இல்லை.

பூலோன் மாநாட்டுக்கு மறுபடி வருவோம். அங்கே கொடியைச் சுற்றி ஒரு வேதனையான சம்பவமும் நடந்தது.

தொடக்கவிழாவில் வாசிப்பதற்காக ஸாமென்ஹோஃப் ஒரு கவிதை எழுதியிருந்தார். தலைப்பு, ‘பச்சைக் கொடியின் கீழ் ஒரு பிரார்த்தனை’. எந்த மதத்தின் பெயரும் சொல்லாத ஒரு பெரும் சக்தியை நோக்கிய வேண்டுதல் அது. கடைசிப் பத்தியில் மட்டும் கிறிஸ்தவர், யூதர், இஸ்லாமியர் மூவரும் ஒரே கடவுளின் பிள்ளைகள் என்ற கருத்து வரும். முன்கூட்டியே படித்த பிரெஞ்சு ஏற்பாட்டாளர்கள் கலங்கிவிட்டார்கள். அன்றைய பிரான்ஸின் நிலைமை அப்படி. யூத அதிகாரி டிரேஃபஸ் மீது சுமத்தப்பட்ட பொய்க் குற்றச்சாட்டு நாட்டையே இரண்டாகப் பிளந்திருந்தது. அவர் குற்றமற்றவர் என்ற தீர்ப்பு வர இன்னும் ஓராண்டு இருந்தது. அரசையும் தேவாலயத்தையும் பிரிக்கும் சட்டத்துக்காக அனல் பறக்கும் விவாதம் நடந்துகொண்டிருந்தது. இந்த நேரத்தில் ஒரு போலந்து யூதர் மேடை ஏறிப் பிரார்த்தனை செய்தால், நாளைக்கு மொழியே கேலிப்பொருளாகிவிடும் என்று அவர்கள் பயந்தார்கள். கவிதையே வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

ஸாமென்ஹோஃப் மிகவும் மென்மையானவர். ஆனால் இதில் விட்டுக்கொடுக்க மறுத்தார். கடைசியில் ஓர் உடன்பாடு. கவிதையை வாசிக்கலாம், கடைசிப் பத்தி மட்டும் வேண்டாம். மூன்று மதத்தாரையும் பெயர் சொல்லி அழைத்த வரிகள் இல்லாமலே அவர் கவிதையை வாசித்து முடித்தார். அரங்கம் எழுந்து ஆர்ப்பரித்தது.

அந்த ஏற்பாட்டாளர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது. மொழியைக் காப்பாற்றத்தான் நினைத்தார்கள். ஆனாலும் அந்த ஒரு பத்தி வாசிக்கப்பட்டிருக்க வேண்டும் என்றே படுகிறது. எல்லோருக்கும் இடம் உண்டு என்று சொல்லும் கொடியின் கீழ், அதைச் சொன்னவரே தான் யாரென்று சொல்லக் கூடாது என்றால், கொடி அன்றே கொஞ்சம் தோற்றுவிட்டது.

அதே மாநாட்டில் நிறைவேறிய பூலோன் பிரகடனம் இந்தச் சிக்கலை வேறுவிதமாகத் தீர்க்கப் பார்த்தது. எஸ்பெராண்டோ அறிந்து, அதைப் பயன்படுத்துகிறவர் எவரும் எஸ்பெராண்டோகாரர்தான். எதற்காகப் பயன்படுத்துகிறார் என்ற கேள்வி இல்லை. சகோதரத்துவத்துக்காகவும் இருக்கலாம், வியாபாரத்துக்காகவும் இருக்கலாம். மொழிக்கு எந்தத் தனிமனிதரும் சட்டம் சொல்லும் அதிகாரி இல்லை என்றும் அது எழுதி வைத்தது. பிரகடனம் மொழியை வெறும் கருவி என்கிறது. கொடியோ நம்பிக்கை, அமைதி என்கிறது. இரண்டும் ஒரே வாரத்தில், ஒரே ஊரில் ஏற்கப்பட்டவை. இந்த இழுபறி அன்றிலிருந்து இன்றுவரை அந்த இயக்கத்துக்குள் ஓய்ந்ததே இல்லை.

கொடிக்குக் கீழே மண் வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களும் உண்டு. பெல்ஜியத்துக்கும் ஜெர்மனிக்கும் இடையில் மோரெனெ என்று ஒரு நடுநிலைப் பகுதி இருந்தது. மூன்றரைச் சதுர கிலோமீட்டர். துத்தநாகச் சுரங்கம் யாருக்கு என்று 1816-இல் முடிவாகாததால் எந்த நாட்டுக்கும் சேராமல் நின்ற துண்டு நிலம். சுரங்கத்தின் மருத்துவராக இருந்த வில்ஹெல்ம் மோலி, 1908-இல் அதை எஸ்பெராண்டோ பேசும் நாடாக்கலாம் என்று ஊரைக் கூட்டினார். பெயர் ‘அமிகேயோ’. ‘அமிகோ’ நண்பர், ‘ஏயோ’ இடம், நட்பின் ஊர். ஜெர்மன் கிறிஸ்துமஸ் பாட்டின் மெட்டில் ஒரு நாட்டுப்பாட்டும் தயாரானது. 1914-இல் ஜெர்மன் படை உள்ளே நுழைந்தது. போருக்குப் பின் அந்த நிலம் பெல்ஜியத்தோடு சேர்ந்துவிட்டது. 1968-இல் இத்தாலியின் ரிமினி கடற்கரைக்கு 11 கிலோமீட்டர் தள்ளி, கடலில் 400 சதுர மீட்டர் மேடை கட்டிய ஜோர்ஜோ ரோசா என்ற பொறியாளர், அதை ‘ரோஜாத் தீவுக் குடியரசு’ என்று அறிவித்தார். ஆட்சிமொழி எஸ்பெராண்டோ. ஆனால் கொடி பச்சை இல்லை, ஆரஞ்சு. நடுவில் மூன்று ரோஜாக்கள் கொண்ட கேடயம். இத்தாலியக் கடற்படை அடுத்த ஆண்டே வெடி வைத்துத் தகர்த்தது.

எஸ்பெராண்டோ உலகுக்காக உண்டாக்கிய மொழி. தனக்காக மட்டும் மொழி உண்டாக்குகிறவர்கள் வேறு வகை. ஆக்ஸ்ஃபோர்ட் பேராசிரியர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன் இளமையிலிருந்தே மொழிகளைக் கற்பனை செய்து வந்தவர். ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கதைகளே அந்த மொழிகளைப் பேச ஓர் உலகம் வேண்டும் என்பதிலிருந்து வளர்ந்தவை. 1930-இல் எஸ்பெராண்டோ உலக மாநாடு ஆக்ஸ்ஃபோர்டில் நடந்தது. அடுத்த ஆண்டு டோல்கீன் ஓர் உரையில், வெளியே சொல்லக் கூச்சப்படும் இரகசியப் பழக்கமாகத் தன் மொழி உருவாக்கத்தைப் பற்றிப் பேசினார். அப்படிக் கூச்சப்பட்டுத் தனித்தனியே இருந்தவர்களை இணையம்தான் ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்து வைத்தது.

அவர்கள் 2004-இல் தங்களுக்கென ஒரு கொடி வேண்டும் என்று முடிவெடுத்து, பலர் வரைந்து, வாக்கெடுத்துத் தேர்ந்தார்கள். பச்சை நட்சத்திரம் அவர்களுக்குப் பொருந்தாது. அது ஒரே ஒரு மொழியின் அடையாளம். அவர்களிடமோ ஆளுக்கொரு மொழி, சிலரிடம் பத்து. எல்லோருக்கும் பொதுவான உருவம் எது? எழும் சூரியனுக்கு முன்னே பாபேல் கோபுரம். ஊதாவும் மஞ்சளும்.

பாபேல் கதையை வாசகர்கள் அறிவார்கள். வானத்தைத் தொடும் கோபுரம் கட்டிய மனிதர்களின் மொழியைக் கடவுள் தாறுமாறாக்கி, ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாமல் செய்தார் என்கிறது ஆதியாகமம். பன்மொழி என்பது அந்தக் கதையில் தண்டனை. எஸ்பெராண்டோவின் நோக்கமே அந்தத் தண்டனையைத் தீர்ப்பது. 2004 கொடியை வரைந்தவர்கள் அதே கோபுரத்தை விடியலுக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள். இத்தனை மொழிகள் பிறந்தது கொண்டாட்டம் என்கிறது அந்தக் கொடி. இரண்டு கொடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மொழி உண்டாக்கும் ஆசைக்குள்ளேயே இருக்கும் இரண்டு எதிரெதிர் மனங்கள் தெரியும். தனிப்பட்ட மொழிகளும் தங்கள் தங்கள் குணத்தைச் சின்னத்தில் காட்டுகின்றன. தர்க்கத்துக்காகவே 1987-இல் உருவாகத் தொடங்கிய லோஜ்பானின் சின்னம், கணிதப் பாடப்புத்தகத்தில் வரும் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இரு வட்டங்களும், குறுக்கும் நெடுக்குமான இரண்டு அச்சுக்கோடுகளும். ஏறக்குறைய 120 சொற்களே கொண்ட டோகி போனாவை 2001-இல் வெளியிட்டவர் கனடாவின் சோஞ்யா லாங். ‘நல்லது’ என்பதற்கு அந்த மொழியின் எழுத்து, சிரிக்கும் உதடு போன்ற ஒரு வளைகோடு. ‘பேச்சு’ என்ற எழுத்தை அந்தச் சிரிப்புக்குள் உட்காரவைத்தால் மொழியின் சின்னம் தயார். இவ்வளவு சின்ன மொழிக்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் அமைவது கடினம்.

எஸ்பெராண்டோவுக்குள்ளும் சின்னத்தைப் புதுப்பிக்கும் முயற்சி நடந்தது. 1987-இல் மொழிக்கு நூறு வயது. அதற்காக 1983-இல் வைத்த போட்டியில் பிரேசிலைச் சேர்ந்த ஒருவர் வென்றார். ரோமன் லிபியின் ‘இ’ எழுத்தும், ரஷ்ய லிபியின் ‘எ’ எழுத்தும் எதிரெதிரே வளைந்து நின்று ஒன்றாகச் சேரும் நீள்வட்டம். கிழக்கும் மேற்கும் கைகுலுக்குகின்றன என்பது பொருள். அது பனிப்போர்க் காலம், அதனால் அந்தக் கருத்துக்கு அன்று கனம் இருந்தது. பலர் ஏற்றார்கள். சிலர் அதை முட்டை என்றும் முலாம்பழம் என்றும் அழைத்தார்கள். சீன, அரபு, இந்திய லிபிகளில் எழுதுகிறவர்கள் இதில் எங்கே என்ற கேள்வியும் எழுந்தது. நியாயமான கேள்வி. இன்றும் பச்சை நட்சத்திரமும் இந்த நீள்வட்டமும் அருகருகே புழங்குகின்றன. நட்சத்திரத்தை எடுத்துவிட்டு இதை வைக்க மட்டும் முடியவில்லை.

முடியாமல் போனதற்குக் காரணம் வடிவமைப்பில் இல்லை. அந்த நட்சத்திரத்தைச் சட்டையில் குத்திக்கொண்டவர்கள் பட்ட பாட்டில் இருக்கிறது. முன்பின் தெரியாத ஊரில் இறங்கினால், மார்பில் பச்சை நட்சத்திர பேட்ஜ் அணிந்த ஒருவர் எதிரே வந்தால் போதும், இரவு தங்க இடம் கிடைத்துவிடும் என்பது இயக்கத்தின் பழைய வழக்கம். அறிமுகத்துக்காக அணிந்த அதே பேட்ஜ் 1930-களில் ஆளைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாகியது. எஸ்பெராண்டோவை யூதர்களின் சதிக் கருவியாக ஹிட்லர் தன் நூலிலேயே எழுதியிருந்தார். 1935-இல் ஜெர்மன் பள்ளிகளில் அதைக் கற்பிப்பதற்குத் தடை வந்தது. 1936-இல் அமைப்புகள் கலைக்கப்பட்டன. சோவியத் நாட்டில் 1937, 1938 ஆண்டுகளின் கைதுகளில் எஸ்பெராண்டோகாரர்கள் அயல்நாட்டுத் தொடர்புள்ளவர்கள் என்று பிடித்துச் செல்லப்பட்டார்கள். அங்கே இயக்கத்தைக் கட்டி வளர்த்த எர்னஸ்ட் த்ரேசன் 1937-இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஜப்பானில் ஹசெகாவா தெரு என்ற இளம்பெண் எஸ்பெராண்டோவில் எழுதுவதற்கு வைத்துக்கொண்ட புனைபெயர் ‘வெர்தா மாயோ’, பச்சை மே மாதம். சீனரான தன் கணவரோடு சீனாவுக்குப் போன அவர், 1938-இல் ஹாங்கோ நகரிலிருந்து வானொலியில் ஜப்பானிய மொழியில் பேசினார். படையெடுத்து வந்த தன் நாட்டுச் சிப்பாய்களிடம் இந்தப் போர் வேண்டாம் என்றார். ஜப்பானியப் பத்திரிகைகள் அவரைத் துரோகி என்றன. 1947-இல் முப்பத்தைந்து வயதுகூட முழுதாகப் பிடிக்காமல் சீன மண்ணிலேயே இறந்துபோனார். பெயரில் இருந்த பச்சையை அவர் கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை.

ஸாமென்ஹோஃப் 1917 ஏப்ரலில், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே வார்சாவில் காலமானார். அவர் வாழ்ந்து, ஏழைகளுக்குக் கண் பார்த்துவந்த ஜிகா தெருவின் ஒரு பகுதிக்குப் பிறகு அவர் பெயரையே வைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் யூதர்களை அடைத்த கெட்டோவுக்குள் அந்தத் தெரு வந்தது. 1942-இல் ட்ரெப்ளிங்கா மரண முகாமுக்குப் போகும் ரயிலில் ஏற்றுவதற்காக மக்களை நடத்திச் சென்ற வழி ஸாமென்ஹோஃப் தெரு வழிதான். அவருடைய மகன் ஆடம் 1940-இலேயே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். மகள்கள் சோஃபியாவும் லிதியாவும் ட்ரெப்ளிங்காவில் கொல்லப்பட்டார்கள். தந்தையின் மொழியை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஊர் ஊராகப் போய்க் கற்றுக்கொடுத்தவர் லிதியா.

1987 ஜூலையில், நூற்றாண்டு மாநாடு வார்சாவில் நடந்தது. ஏறக்குறைய ஆறாயிரம் பேர் வந்தார்கள். நகரில் புதிய நீள்வட்டச் சின்னமும் இருந்தது, பழைய பச்சைக் கொடியும் இருந்தது. ஒகோபோவா தெருவில் உள்ள யூதர் இடுகாட்டில் ஸாமென்ஹோஃபின் கல்லறை இருக்கிறது. உலகெங்கும் உள்ள எஸ்பெராண்டோகாரர்கள் காசு சேர்த்து எழுப்பி, 1926-இல் திறந்த நினைவுக்கல். சுற்றிலும் எபிரேய எழுத்துகள் பொறித்த பழைய கல்லறைகள். நடுவில், சிறு சிறு துண்டுகளாகப் பதித்த மொசைக்கில், ஐந்து முனையுள்ள ஒரு பச்சை நட்சத்திரம்.

(தொடரும்)